பம்பரத்தின் நாலாவது சீட்டு

அந்த அகராதி அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர் எவருமில்லை. பார்த்ததாகச் சொன்ன காவலாளியும், சத்தியம் செய் என்றதும் பின்வாங்கிவிட்டார்.

வேலையும் காலுக்கேற்ற செருப்பாய் வாய்த்தது. அரபு, பாரசீகம், துருக்கி, உருது நான்கிலும் புழங்கும் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி அது. ஒரே சொல் நான்கு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு நான்கு விதமாய்க் குணம் மாறியிருக்கும். அந்தக் குணத்தை ஊரெல்லாம் அலைந்து ஒட்டுக்கேட்டுச் சீட்டில் எழுதி வருவது பம்பரத்தின் பாடு. கேட்டு வாங்கக் கூடாது, தானாகக் காதில் விழ வேண்டும் என்பது அங்கே சட்டம். "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டால், எவனும் காலரைச் சரிசெய்துகொண்டு புத்தகம் மாதிரிப் பேச ஆரம்பித்துவிடுவான்.

'கரீப்' என்ற சொல் வந்தது, அவள் தூக்கம் போனது. மருந்துக்கடையில் ஒரு பெரியவர் புது டாக்டரை அரபியில் அப்படிச் சொன்னார்: அந்நியன். பேருந்தில் ஒரு மாணவி தன் தாயிடம் போனில் பாரசீகத்தில் தன்னையே அப்படிச் சொல்லி அழுதாள்: சொந்த மண்ணை விட்டு வந்தவள். செருப்புக்கடையில் உருதுக்காரர் ஒருவர், கரீபிடம் இந்த விலையா கேட்பாய் என்று மல்லுக்கு நின்றார்: ஏழை. மூன்று சீட்டு ஆயிற்று. துருக்கி மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"வியாழன் அஞ்சு மணிக்குள்ள நாலாவது சீட்டு வரணும்மா," என்றார் தலைமைத் தொகுப்பாளர். "வரலைன்னா திங்கள்லேர்ந்து நீங்க பிழை திருத்துற மேஜை. நாற்காலி கூட வாங்கியாச்சு, சுத்துற நாற்காலி."

உட்காருவதா? அதற்குச் சிறைக்கே போகலாம், அங்கே நடக்கவாவது விடுவார்கள்.

துருக்கி பேசும் அக்காள் தங்கை இருவர் மூலைத்தெருவில் ஜிப்பு தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார்கள். சும்மா போய் நிற்க முடியுமா? திங்களன்று பம்பரம் தன் கைப்பை ஜிப்பைப் பிய்த்தாள். செவ்வாய் தலையணை உறை. புதன் கணவரின் குளிர்ச்சட்டை. வியாழன் காலை அவர் அலமாரி முன்னால் காவல் நின்றார்.

"தாயே, இந்தப் பேண்ட்டை மட்டும் விட்டுடு. நான் ஆபீஸ் போகணும்."

"சட்டையை வெளியே விட்டுக்கிட்டுப் போங்க. யார் பார்க்கப் போறா?"

அவர் வீடு திரும்பியதும் பேண்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஓடி, நாலரை மணிக்குக் கடையில் நின்றாள். நின்றாளா? நாலு தப்படி அங்கே, நாலு தப்படி இங்கே. சகோதரிகள் தங்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள். இவளுக்குப் புரியும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"வந்துட்டா பாரு! நாலு நாள்ல நாலு ஜிப்பு. யாராவது கையாலயே பிய்ப்பாங்களா? இவ சரியான கரிப்," என்றாள் அக்காள்.

"கரிப்பேதான்! நிக்கிற நிலையைப் பாரேன், சூடு பட்ட பூனை மாதிரி," என்று தங்கை நூலைக் கடித்துச் சிரித்தாள்.

அதே கரீப்தான், துருக்கி நாக்கில் கரிப்: விநோதமானவள்! பம்பரத்துக்கு உச்சி குளிர்ந்தது. குளிர்ந்த வேகத்தில் துருக்கியிலேயே, "ரொம்ப நன்றி, கண்ணுங்களா!" என்று சொல்லித் தொலைத்தாள். அக்காளின் கையிலிருந்து ஊசி விழுந்தது. இனி அந்தக் கடையில் காற்றுகூடப் பேசாது. போகட்டும் என்று பேண்ட்டைக்கூட விட்டுவிட்டு ஓடினாள்.

ஐந்துக்கு மூன்று நிமிடம். சீட்டில் 'யாரைப் பற்றிச் சொன்னது' என்றொரு கட்டம் உண்டு. பேனாவைக் கடித்தாள். பொய் எழுதினால் மானம் பிழைக்கும், சீட்டு செத்துவிடும். 'சீட்டு எழுதியவரைப் பற்றி' என்று எழுதி நீட்டினாள்.

தொகுப்பாளர் இரண்டு முறை படித்தார். "நீங்களா பேச்சுக் கொடுத்து வரவழைக்கலையே?"

"ஐயோ சார், நான் வாயே திறக்கலை. ஜிப்பைத்தான் திறந்தேன்."

அவர் அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பதில் எதிர்பார்க்கும் அந்த ஒரு நிமிடத்திலும் அவள் மேஜையை மூன்று சுற்று வந்திருந்தாள்.

"இதுக்கு வேற சாட்சி எதுக்கும்மா," என்று முத்திரையைக் குத்தி, அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். புது நாற்காலியில் தன் குடையை வைத்தார். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி நின்றபோது பம்பரம் தெருவில் இருந்தாள், வேறொரு துருக்கிக் கடையைத் தேடிக்கொண்டு.