மூன்றாம் பக்கம் வரை போனவர்

அப்பா கர்ட்டன் டெய்லர். ஊரில் பாதி ஜன்னல்கள் அவர் தைத்த துணிக்குப் பின்னால்தான் இருந்தன. அளவெடுக்கப் படுக்கையறை வரை போவார். பார்த்ததை வெளியே சொன்னதில்லை. "யார் வீட்டுல என்ன இருந்தா எனக்கென்ன? எனக்கு அகலமும் உயரமும் போதும்" என்பார்.

என் வேலை இதற்கு நேர் எதிர். இணையதளத்தைத் திறந்ததும் "குக்கிகளை அனுமதிக்கிறீர்களா?" என்று ஒரு பெட்டி வழிமறிக்குமே, அதைக் கட்டுபவர்களில் நானும் ஒருத்தி. குக்கி என்பது தளம் நம் கணினியில் விட்டுப்போகும் சின்னச் சீட்டு. மறுமுறை போனால் அதைப் பார்த்து நம்மை அடையாளம் கண்டுகொள்ளும். அதில் தப்பில்லை. கடைக்காரரும் வாடிக்கையாளர் முகத்தை நினைவு வைத்திருப்பார். ஆனால் அதே தளத்தில் இடம் பிடித்திருக்கும் விளம்பரக்காரர்களும் ஆளுக்கொரு சீட்டை வைத்துவிடுவார்கள். அப்புறம் நாம் எந்தத் தளத்துக்குப் போனாலும், நமக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

"எல்லாம் சம்மதம்" என்ற பொத்தானைப் பெரிதாக, பச்சையாக வைப்போம். மறுக்க வேண்டுமானால் மூன்றாம் பக்கம் வரை போக வேண்டும். யாரும் போகமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் தொழில் ஓடுகிறது.

அப்பா போவார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படிப்பார். பஸ் நேரம் பார்க்க உட்கார்ந்தால், படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

"எதையாவது அமுக்கிட்டுப் போப்பா."

"ஒருத்தன் அனுமதி கேக்கறான். என்ன ஏதுன்னு பார்க்காம தலையாட்டச் சொல்றியா? நீ எழுதினதுதானே, பாப்பா? படிக்க ஒரு ஆளாவது வேணாமா?"

துணித் தூசியா, வேறெதுவா தெரியாது. அவர் நுரையீரல் சுருங்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் சொன்னதை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போனில் என்னிடம் மட்டும் சொன்னார்.

"உங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா எனக்கு முன்னாடி அவ படுத்துடுவா."

வீட்டில் இருப்பது ஒரே கணினி, கூடத்தில். அவர் நோயைப் பற்றித் தேடுவதும் அதில்தான், அம்மா ரோஜாச் செடியைப் பற்றிப் படிப்பதும் அதில்தான். தடம் விடாமல் தேட ஒரு வழி இருக்கிறது, சொல்லித் தருகிறேன் என்றேன்.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு பார்க்க நான் என்ன திருடனா? வேணாம்னு சொல்லிட்டாப் போச்சு."

மருத்துவத் தளத்தில் மூன்றாம் பக்கம் போய், பதினெட்டு சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாக அணைத்தார். அந்தப் பெட்டி எங்கள் கம்பெனி கட்டியது. அதில் பத்தொன்பதாவது ஒன்று உண்டு. "நியாயமான தேவைகள்" என்ற சாம்பல் நிற வரியைத் தட்டினால்தான் அது விரியும். முன்கூட்டியே சம்மதத்தில் இருக்கும். அந்த வரியை மடித்து வைத்தவள் நான். அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"பாப்பா, உங்கம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"என்னப்பா?"

"பத்து நாளா என்னைத் திட்டவே இல்ல. தரையில குண்டூசி கிடந்துச்சு. வாயைத் திறக்காம பொறுக்கி டப்பாவுல போட்டுட்டு, 'கொஞ்ச நேரம் படுங்களேன்'ங்கறா."

"நல்லதுதானே?"

"எது நல்லது? முப்பத்தாறு வருஷத்துல நடக்காதது. அவ எதையோ மறைக்கறா."

சிரித்துவிட்டு போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். இருமலுக்குக் காரணம் தூசி என்றே அம்மாவிடம் சொல்லிவந்தார். "ஆமா, இந்த வருஷம் தூசி ஜாஸ்தி" என்று அம்மாவும் சொல்லிவந்தாள். ஒரு காலையில், பாதி மடிப்பு வைத்த திரைத் துணிமேல் சாய்ந்தபடி போய்ச் சேர்ந்தார்.

உறவுக்காரர்கள் கிளம்பியபின் கணினி முன் உட்கார்ந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"என்ன பண்ற?"

"குக்கியெல்லாம் அழிக்கறேன்மா. இல்லன்னா அப்பா தேடினதுக்கெல்லாம் விளம்பரம் வந்துட்டே இருக்கும்."

"ஆக்சிஜன் மிஷினா? அந்த விளம்பரம் எப்பவோ வர ஆரம்பிச்சுடுச்சு. நான் ரோஜாவுக்கு எரு தேடினா, வீட்டுக்கே ஆக்சிஜன் கொண்டுவரேங்கறான். ஒரு நாள்னா பரவாயில்ல, தினமும். பக்கத்துல இவர் இருமல் வேற. புரிஞ்சுக்க எனக்கென்ன படிப்பா வேணும்?"

"ஏம்மா அவர்கிட்ட கேக்கல?"

"எனக்குத் தெரியாதுன்னு நிம்மதியா இருந்தார். அதைக் கெடுப்பானேன்? திட்டறதை மட்டும் நிறுத்திக்கிட்டேன்."

நான் மடித்து வைத்த அந்தப் பத்தொன்பதாவது சுவிட்சின் வேலை.

"அது கிடக்கட்டும். இப்ப மூணு மாசமா வேற ஒண்ணு வருதே, அது என்னடி? பொம்பளைங்களுக்கு முழு உடம்புப் பரிசோதனை, ஞாபக மறதிக்கு மாத்திரைன்னு. நான் எதையும் தேடலயே."

நானும் தேடவில்லை. பழைய தேடல்களின் பட்டியலைத் திறந்தேன். அப்படி ஒரு பட்டியல் இருப்பதே அவர்கள் இருவருக்கும் தெரியாது. கண்ணாடி கையில் இல்லை, நீயே படி என்றாள். படித்தேன்.

"மனைவி திடீரென்று திட்டுவதை நிறுத்தினால் என்ன நோய்."

அதே கேள்வி, இருபத்திரண்டு முறை. கடைசி முறை, அவர் போனதற்கு முந்தின நாள்.

அழிக்கும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அம்மா தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலடியில் ஒரு குண்டூசி கிடந்தது. குனிந்து எடுத்தாள்.

"எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு, ஊசியைக் கண்ட இடத்துல போடாதீங்கன்னு? யாராவது மிதிச்சா என்ன ஆகும்? சொன்னா ஒரு சொல் காதுல ஏறுதா..."

அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி திட்டினாள். ஐந்து மாதப் பாக்கி, லேசில் முடியவில்லை.