பிரிக்காத தந்தி: தரை டிக்கெட் வாசலில் கேட்டவை

டிக்கெட் கிழிப்பவனுக்கு ஒரு யோகம் உண்டு: கொட்டகைக்குள் போகும் முகத்தையும் வெளியே வரும் முகத்தையும் சேர்த்துப் பார்க்கிறவன் ஊரிலேயே அவன் ஒருவன்தான். வாசலில் நின்று வயிறு வளர்க்கும் தோழர்களே, இது உங்களுக்குத் தெரியாததா!

வெள்ளைக்காரன் காலத்தில் துண்டுப் பிரசுரம் படித்து அறிவு பெற்றவன் நான். துண்டுப் பிரசுரம் எழுதிச் சிறை போனவன். சுதந்திரம் வந்தபின் எனக்குக் கிடைத்த பதவி, சங்கரன்கோவில் டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் வாசல். அங்கே ஒரு வாரம், பெரிய படத்துக்கு முன்னால் பன்னிரண்டு நிமிஷத் துண்டுப் படம் ஒன்று ஓடியது. சென்னையில் யாரோ ஓர் இளைஞர் எடுத்தது. பேச்சில்லை, பாட்டில்லை. ஒருவனுக்குத் தந்தி வருகிறது. பிரிக்கப் பயந்து நடக்கிறான். மாடிப்படியில் அவன் நிழல் அவனைவிட உயரமாக ஏறுகிறது. குழாய் சொட்டுகிற ஓசை மெல்ல மெல்லக் கடிகார ஓசையாகிறது. பிரிக்காமலே படம் முடிந்துவிடுகிறது. இருட்டை இவ்வளவு அழகாக ஒருவன் படம் பிடிக்க முடியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

பார்த்தவர்கள் சொல்வதை எழுதி அனுப்பும்படி பிலிம் பெட்டியோடு கடிதம் வந்திருந்தது. முதலாளி ஒரு நோட்டை என்னிடம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "உமக்குத்தான் எழுத்து வருமே, எழுதும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். சனங்களுக்குப் பிடிக்கலேன்னா பெட்டியைத் திருப்பிருவேன்."

குவிக்காத மணல்

தரை டிக்கெட்காரர்கள் உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை, மணலைக் குவித்து மேடை போடுவது. பின்னால் இருப்பவன் அதைக் காலால் இடிப்பான், சண்டை வரும். துண்டுப் படம் முடிகிறவரை இது நடந்துகொண்டே இருக்கும். அன்று நடக்கவில்லை. இளையரசனேந்தல் விவசாயச் சம்சாரி ஒருவர் அள்ளிய மணலைக் கீழே போட மறந்து, பன்னிரண்டு நிமிஷமும் கைக்குள்ளேயே வைத்திருந்தார். வெளியே வந்தவரிடம் நோட்டைக் காட்டினேன்.

"ஐப்பசியில மழைக்கு மானத்தைப் பாத்துக்கிட்டு நானும் இப்படித்தாம்வே நடப்பேன். அவனுக்கு மாடிப்படி, எனக்கு வரப்பு. வேற என்ன வித்தியாசம்?"

வெட்டின துண்டு

மறுநாள் பெஞ்சு டிக்கெட்காரர்கள் சண்டைக்குக் கிளம்பினார்கள். பிலிம் அறுந்தால் வெட்டி ஒட்டுவது எங்கள் ஆபரேட்டரின் வழக்கம். எத்தனையோ பாட்டுகளுக்குத் தலையும் வாலும் போயிருக்கின்றன. ஆகவே, தந்தியைப் பிரிக்கிற இடத்தை அவன்தான் வெட்டிவிட்டான் என்று மெஷின் அறையைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏலே, அந்தத் துண்டை எடுத்துப் போடுலே!" என்று சத்தம். கோமதியம்மன் மேல் ஆணையிட்டும் எடுபடாமல், அவன் ரீலின் கடைசியை விளக்கில் பிடித்துக் காட்டினான். சிவகிரி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் துணியைப் பரிசோதிப்பதுபோல அதை விரல்விரலாகப் பார்த்துவிட்டு, கூட்டத்தைக் கலைத்தார். ஜவுளிக்கடைக்காரர் என்னிடம் சொன்னது:

"வெட்டலை அண்ணாச்சி. ஆனா படம் எடுத்தவன் அந்தத் தந்தியை எங்க கையில கொடுத்துட்டுப் போயிட்டாம் பாருங்க, பெரிய கெட்டிக்காரன்!"

பெண்கள் பக்கம்

ராயகிரிப் பெண் ஒருத்தி இரண்டு நாள் தொடர்ந்து வந்தாள். இரண்டாம் நாள் பெரிய படத்துக்கு உட்காராமல் எழுந்து வந்துவிட்டாள். படம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் கொழும்புல இருக்காவ. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா, தண்ணிக் குடத்தை இறக்கி வைக்கத் தெரியாம நிப்பேன். ஆம்பளைக்கும் அப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியும்!"

கதர் நாற்காலி

வியாழக்கிழமை என் பழைய கூட்டாளி ஒருவர் இலவசப் பாஸில் வந்தார். ஒரே அறையில் சிறையிருந்தோம். இப்போது அவர் கஞ்சிபோட்ட கதரில் நாற்காலியில் இருக்கிறார். நான் வாசலில் நிற்கிறேன். படம் ஓடும்போது அவர் மேல்துண்டைக் கயிறுபோல முறுக்கியதை நான் பார்த்தேன். வெளியே வந்ததும் முதலாளி காதில் விழும்படி சொன்னார்:

"சுதந்திர நாட்டுல என்னத்துக்குவே பயம்? இதை ஓட்டுறது நாட்டுக்கே கேவலம்."

ஏட்டு

வெள்ளிக்கிழமை மாலை முதலாளி பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நோட்டில் இருந்ததையெல்லாம் வாசித்துக் காட்டினேன். "கதர்க்காரரைப் பகைச்சுக்கிட முடியுமாவே?" என்றார். அப்போது பந்தோபஸ்துக்கு வரும் ஏட்டு உள்ளே வந்தார். என்னை அந்தக் காலத்தில் கைது செய்தவர் அவர்தான். "என் கை ஆடவில்லை" என்று அந்தக் கைதைப் பற்றி நான் பேசாத மேடை இல்லை. ஆனால் விலங்கு மாட்டும்போது அது கிலுகிலுத்தது எனக்குத் தெரியும். என் கைதான் நடுங்குகிறது என்று அத்தனை வருஷமும் உள்ளுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓட்டும் முதலாளி, எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றார் ஏட்டு. ஐந்து நாளும் கம்பத்தோரம் நின்று அந்தப் படத்தைப் பார்த்தவர் அவர். ஏன் என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உம்மைப் பிடிக்க வந்த அன்னைக்கு, கதவைத் தட்ட முடியாம உம்ம வாசல்ல அந்தப் படத்துல வாறவன் மாதிரி நடந்தேன்வே. விலங்கு ஆடிச்சே, அது உம்ம கைன்னா நினைச்சீரு?"

படம் ஞாயிறு வரை ஓடியது. நோட்டின் கடைசியில் ‘என் கையும் ஆடியது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நான் எழுதியதில் எந்தச் சர்க்காரும் பறிமுதல் செய்யாத ஒரே பிரசுரம் அதுதான்.