குடைக்காரருக்குப் பெண்டாட்டி கிடையாது

என் வீட்டுக்காரருக்கு உடன்பிறந்தவர்கள் ஒரு படை. அதில் கடைசித் தங்கைக்குத் தலை நரைத்தும் கடைக்குட்டி என்ற பேர்தான் நிலைத்தது. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. புருஷன் போன பிறகு அந்த வேலையைப் பிடித்துக்கொண்டுதான் மகனை ஆளாக்கினாள். மகனுக்கு வாய்த்தவள் எங்கள் பெரிய நாத்தனாருடைய ஓரகத்தி மகள். ஒண்ணாம் வகுப்பு டீச்சர். மாமியாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் புதுசாக ஓர் உத்தரவு வந்தது. ஆயாக்களுக்கு எழுத்து தெரிந்தால் போதாது, படித்தது மண்டையில் ஏறவும் வேண்டுமாம். ஒரு பக்கக் கதை கொடுப்பார்கள். படித்துவிட்டுச் சொந்த வார்த்தையில் சுருக்கிச் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்கு வேலை இல்லை. கேட்ட அன்றைக்கே கடைக்குட்டி மருமகளிடம் ஒரு கதைப் புத்தகம் வேண்டுமென்றாள்.

நான் அப்போது அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். சாயங்காலமானால் மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்வார்கள். பழகிப் பார்க்க எடுத்துக்கொண்டது, மழை வருமென்று நம்பிச் சந்தைக்குக் குடை விற்கப் போன குடைக்காரர் கதை.

“படிச்சிட்டீங்கல்ல? என்ன கதைன்னு சொல்லுங்க அத்தை.”

“ஒரு குடைக்காரரு. பாவம், பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்ல...”

“பொண்டாட்டி எங்கேருந்து வந்தா?”

“அவ நல்லா இருந்தா மனுஷன் சாப்பிடாம கிளம்புவாரா?”

“சாப்பிடலைன்னு கதையில இல்லவே இல்ல!”

“சாப்பிட்டாருன்னும் இல்லையேம்மா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. மருமகள் எழுந்து அடுப்படியில் இருந்த என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: “ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறேன் பெரியம்மா. சொந்த மாமியார் வேலை போச்சுன்னா என்னை யாராவது மதிப்பாங்களா? அவங்கதான் தாங்குவாங்களா?”

நாள் நெருங்க நெருங்கக் கடைக்குட்டி தூக்கத்தில்கூடக் குடை, சந்தை என்று முனகினாள்.

ஒரு மத்தியானம் அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க நானும் மருமகளும் வார்டுக்குப் போனோம். டியூட்டி மாறுகிற நேரம். அடுத்து வந்த ஆயாவிடம் கடைக்குட்டி சொல்லிக்கொண்டிருந்தாள்: “ஜன்னலோரக் கட்டில் பெரியவரு. காலையில தலை சுத்தி விழப் பாத்தாரு. டாக்டர் வந்து ஊசி போட்டாங்க. இப்பத் தூங்குறாரு. தனியா எழுந்திரிக்க விட்டுடாத.”

மருமகள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

அன்று சாயங்காலம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். “அத்தை, நீங்க டியூட்டி முடிச்சுட்டுக் கிளம்புறீங்க. அந்தக் குடைக்காரரை அடுத்த ஆயாகிட்ட ஒப்படைங்க. யாரு, என்ன ஆச்சு, என்ன பண்ணாங்க, இப்ப எப்படி. அவ்வளவுதான்.”

 கடைக்குட்டி தலைமுடியைச் சொருகிக்கொண்டு ஆரம்பித்தாள். “குடைக்காரரு. மழைய நம்பிச் சந்தைக்குப் போனாரு, மழை வரல. வெயிலுக்குப் பிடிங்கன்னு சொல்லி வித்துட்டாரு. இப்பக் கைய வீசிக்கிட்டு வீட்டுக்குப் போறாரு.”

“பொண்டாட்டி?” என்றேன் நான், வம்புக்கு.

“நம்ம வார்டுல சேராத ஆளைப் பத்தி நான் ஏன் சொல்லணும் அண்ணி?”

பரீட்சையன்று நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே கடைக்குட்டி எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தாள். பிறகு அவள் குரல்: “தபால்காரரு. பார்சலை வீடு மாத்திக் குடுத்துட்டாரு. திரும்ப வாங்க மழையில போனாரு, வீடு பூட்டியிருக்கு. இப்ப வாசப்படியில உட்காந்திருக்காரு.”

“அப்புறம்? வீட்டுக்காரங்க வந்தாங்களா?” அதிகாரி அம்மாவின் குரல்.

 நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தேன். விட்டால் கடைக்குட்டி அந்த வீட்டுக்கு நாலு பிள்ளைகளையும் ஒரு மாமியாரையும் குடிவைப்பாள். மருமகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“தெரியலீங்கம்மா. அதுக்கு மேல தாள்ல இல்ல.”

“சரி. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துடுங்க.”

வெளியே வந்தவள் எங்கள் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தாள். மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைக்குட்டி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். முகம் மட்டும் தெளியவில்லை.

“ஏம்மா, படிச்சவ நீ. அந்தத் தபால்காரருக்கு வேலை போயிருக்குமா?”