அம்மா காட்டிய மண்மேடு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மாவின் தம்பி, என் மாமா, பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்தார். அவருடைய பெட்டியில் சொக்லேட்டைவிட அதிக இடத்தைப் பிடித்திருந்தது சுருட்டிய ஒரு பெரிய தாள். அதை விறாந்தையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு மாங்காய்களை வைத்தார். எங்கள் வம்சத்தின் படம். பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. மிச்சத்தை மயானத்துக் கல்லறைகளைப் பார்த்து நிரப்பலாம் என்றார். அட்டவணை போடுவதென்றால் எனக்கு அப்போதே பைத்தியம். கொப்பியில் கோடடித்து, பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, எத்தனையாவது வரிசை என்று நான்கு நிரல் போட்டுக்கொண்டு மாமாவோடும் அம்மாவோடும் நானும் கிளம்பினேன்.

உண்மையில் அந்தப் படம் ஒரு சாட்டு. மாமா வந்தது தன் அப்பாவின் குழியைப் பார்க்க. அம்மப்பா இறந்தபோது மாமா ஊரைவிட்டுப் போய் எட்டு மாதம்; சண்டை நடந்த நேரம், திரும்பி வரக்கூடிய காலமும் அல்ல. அதன் பிறகு எப்போது தொலைபேசி எடுத்தாலும், "அப்பாவ எவடத்தில வெச்ச?" என்று கேட்பார். அம்மாவும் ஒவ்வொரு தடவையும், "எனக்குத் தெரியும். நீ வா, காட்டுறன்" என்பார்.

எங்கள் மயானம் பனிச்சங்கேணியில் வாவிக்கரையோரம் மணலில் கிடக்கிறது. அங்கே எரிப்பதைவிடப் புதைப்பதுதான் அதிகம். சீமெந்தால் கட்டிப் பெயர் எழுதியவை கொஞ்சம். மற்றவையெல்லாம் மண்மேடுகள், மாரிக்கு மாரி தட்டையாகிக்கொண்டு போகிறவை. நான் பதினொரு பெயர்களை எழுதினேன். அதில் நான்கு பேர் எங்களுக்கு உறவே இல்லை. எழுத்து வாசிக்க வடிவாக இருந்ததால் அவர்களையும் சேர்த்துக்கொண்டேன்.

அங்கே மாடு பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி ஆர்ர ஆள்? என்ன குடி?"

மாமா தன் அப்பாவின் பெயரையும், தாளைப் பார்த்து ஒரு குடியின் பெயரையும் சொன்னார்.

"அது உங்கட அப்பாட குடியெல்லோ? தாய்ட குடியச் சொல்லுங்க. கனடாவில குடியையும் மாத்திக் குடுக்கிறானுகளோ?"

அம்மா முந்தானையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாகத்தான் வரும். மாமாவின் படமோ முழுக்கத் தகப்பன்வழியில் ஏறிப் போயிருந்தது. அவர் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இத மறுகா பாப்பம். அப்பாவக் காட்டு அக்கா."

அம்மா வாவியை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேடுகளுக்கு இடையால் விறுவிறென்று நடந்து, ஒரு பூவரசுக்குப் பக்கத்தில், புல் மண்டிய ஒரு மேட்டின் முன்னால் நின்றார்.

"இஞ்சதான் தம்பி."

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் முழங்காலில் இருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் வாய்விட்டு அழுவதை நான் அதற்குமுன் கண்டதில்லை. "வந்திட்டனப்பா, வந்திட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மெதுவாக அம்மாவிடம் போய், இது எத்தனையாவது வரிசை என்று கேட்டேன்.

"அத எழுதாத புள்ள."

"ஏனம்மா?"

"சொன்னாக் கேளு."

மாமா எழுந்து புல்லைப் பிடுங்கத் தொடங்கினார். மேடு முழுவதும் துப்புரவாகும்வரை விடவில்லை. கை மண்ணைத் தட்டிக்கொண்டு, "அப்பாட பேரப் போட்டு ஒரு கல் கட்டுவம் அக்கா" என்றார்.

"வேணாம்" என்றார் அம்மா, அவர் சொல்லி முடிப்பதற்குள். "அப்பாக்குச் சீமெந்து புடிக்காது. வீட்டையும் களிமண்ணாலதானே கட்டின."

"அது சரிதான்" என்று மாமா அழுகையோடே சிரித்தார். "மனுசன் கடைசிமட்டும் பிடிவாதம்."

அவர் நிம்மதியாகக் கனடாவுக்குத் திரும்பினார். அதன் பிறகு தொலைபேசியில் அந்தக் கேள்வி வரவேயில்லை.

எனக்குப் பதினாறு வயதானபோது, என் அப்பாவின் அக்கா இறந்துபோனார். முதன்முதலாகப் பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். ஒழுங்கை முடிகிற இடத்தில் பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். "பெட்டியோட இதுக்கங்கால பொம்புளையள் போறல்ல, கிறுகு" என்று யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். ஆண்கள் மட்டும் பெட்டியோடு வளைவில் மறைந்தார்கள்.

திரும்பும் வழியில் அம்மாவிடம் கேட்டேன். "அம்மப்பா செத்த அண்டும் நீங்க இவடத்தோடதானா நிண்ட?"

"ஓம்."

"மறுகா ஆரும் கொண்டுபோய்க் காட்டல்லையா?"

"தூக்கிட்டுப் போன ஆக்கள் ஒருத்தரும் பிறகு ஊரில இல்ல. வெள்ளமும் எத்தின தரம் ஏறின."

"அப்ப மாமாக்குக் காட்டின குழி?"

அம்மா ஒழுங்கையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"ஆரோ ஒராள் மனே. அவருக்கும் ஆரும் வரல்லத்தானே."

அன்று மாமா அழுது முடிக்கும்வரை அம்மா அவர் தலைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா மட்டும் ஏன் அழவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலேயே இருப்பவர்களுக்குப் பழகிவிடும் போலும் என்று நினைத்தேன். தன் அப்பாவுக்காக அழ அம்மாவுக்கு அங்கே ஓரிடமும் இருக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.