இரும்பை எழுப்புகிறவர்

இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் ரேடியோ, ஆம்பிளிபயர் பழுது பார்க்கும் ஃபிக்ரி கரண்டு பக்கமே போவார். இரண்டு கையும் வெளியே இருந்தால் ஷாக் நெஞ்சு வழியாகப் போய்விடுமாம். வால்வு ஆம்பிளிபயரின் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு வலது கையால் வயர் கொடுப்பார். ஸ்பீக்கருக்குப் போகும் முனைகள் எதையும் தொடாமல் சும்மா கிடக்கும். பிறகு வீட்டுக் கரண்டையே உள்ளே விட்டு, எவ்வளவு ஓடுகிறது என்று முள்ளைப் பார்த்து, வகுத்து, இண்டக்டன்ஸ் இத்தனை ஹென்றி என்று அளவு சொல்வார். அந்த அளவு குறைந்தால் பாட்டில் அடிக்குரலே இருக்காது, தோல்மேளம் தகர டப்பாவாகிவிடும்.

அத்தாரீன் சந்தில் அவர் கடைக்கு எதிரே நான் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுகிறேன். ஆகவே அவர் வாயும் எனக்கு அத்துப்படி. யாராவது பேட்டரியில் ஓடும் சின்ன மீட்டரை நீட்டினால் போதும், தேநீரைக் கீழே வைத்துவிடுவார்.

"அந்தப் பொம்மையை உள்ள வை. அது குடுக்குற கரண்டுக்கு டிரான்ஸ்பார்மருக்குள்ள இருக்குற இரும்பு கண்ணே முழிக்காது. தூங்குறவன்கிட்ட பேர் கேட்டா என்ன சொல்லுவான்?"

புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். சந்துக்காரர்கள் சிரிப்பதில்லை. அந்த மாதிரி மீட்டரை முதலில் வாங்கி வந்து எல்லாரிடமும் பெருமையடித்தவரே அவர்தான்.

அப்போது அவருடைய தம்பி ஹெல்மி டிரான்ஸ்பார்மர் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆறு சுற்றினான். இரண்டை அங்கே மாட்டிவிட்டார்கள். மீதி நான்கையும் புது மீட்டரில் அளந்த ஃபிக்ரி, சொன்னதில் பாதிகூட இல்லை என்றார். சுற்றைக் குறைத்துக் கம்பியைத் திருடிவிட்டான் என்று மண்டபத்துக்காரர் முன்னாலேயே சத்தம் போட்டுத் தம்பி மேல் பழி போட்டார். ஹெல்மி நான்கையும் வீட்டுக்கு எடுத்துப்போய் ரம்பத்தால் அறுத்துப் போட்டான். அதோடு அந்த வேலையையே விட்டுவிட்டு, கடற்கரைச் சாலையில் தள்ளுவண்டி வைத்து அவித்த துர்முஸ் பருப்பு விற்கப் போய்விட்டான்.

கொஞ்ச நாள் கழித்து, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு ரேடியோவின் டிரான்ஸ்பார்மரையும் அதே மீட்டர் பாதி என்றது. தப்பு மீட்டரில்தான் என்று அன்றைக்குத்தான் ஃபிக்ரிக்கு உறைத்தது. மண்டபத்தில் மாட்டிய இரண்டையும் அளந்து பார்க்கக் கேட்டார். அந்த ரகளைக்குப் பிறகு மண்டபத்துக்காரர் அவரை உள்ளே விடவில்லை. அளந்த கணக்கு கையில் இல்லாமல் தம்பியிடம் எந்த முகத்தோடு போவது என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். பெருநாளுக்குத் தம்பி வீட்டிலிருந்து கஹ்க் பலகாரம் வரும், தம்பி வரமாட்டான். அதைத் தொடாமல் என்னிடம் தள்ளிவிடுவார்.

போன வாரம் மண்டபத்தை இடித்தார்கள். அந்த இரண்டில் ஒன்று பழைய சாமான்காரர் மூலமாக ஃபிக்ரி கைக்கு வந்தது. அளந்தார். கேட்டதற்கு மேலேயே இருந்தது. மறுபடியும் அளந்தார். அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு, தனியாகப் போக முடியவில்லை என்று என்னையும் மினிபஸ்ஸில் ஏற்றினார்.

கடற்காற்று ஆளைத் தள்ளியது. ஹெல்மி காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நுனி மூடியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து, பருப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கூம்புக்கும் அந்த விரல் உள்ளே போய் வந்தது. ஃபிக்ரி டிரான்ஸ்பார்மரை வண்டி ஓரத்தில் வைத்தார். வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சு மறந்துபோய், அளவை மட்டும் சொன்னார்.

"தெரியும்ணே," என்றான் ஹெல்மி. "எண்ணி எண்ணித்தானே சுத்துனேன்."

"மீட்டர் தப்பாக் காட்டிருச்சுடா."

"மீட்டரைக் கேட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலையேண்ணே."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் ஃபிக்ரி தாங்கியிருப்பார்.

அதற்குள் ஒரு குடும்பம் வந்து வண்டியைச் சூழ்ந்தது. ஹெல்மி அவர்கள் பக்கம் திரும்பினான். ஃபிக்ரிக்குப் போகவும் மனசில்லை, நிற்கவும் தெரியவில்லை. காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, அந்தத் தடித்த விரல்களால் சுருட்டி நீட்டினார். கோணல்மாணலாக இருந்தது. ஹெல்மி அதை வாங்கி, விரலை விட்டுப் பார்க்காமல், அப்படியே பருப்பை நிரப்பி வந்தவர்களிடம் கொடுத்தான்.