சிவப்பு வெள்ளை வளைவுகள்

கண்டியில் எனக்கு மூன்று புடவைக்கடைகள். மூன்றும் என் கையால் வந்தவை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான்.

போன ஞாயிறு, மாமாவின் மகன், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவன், எழுதிய புத்தகத்துக்கு வெளியீட்டு விழா. இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கும் இருந்த உறவைப் பற்றியதாம். மண்டபச் செலவு என்னுடையது, ஆகவே முதல் பிரதியும் எனக்கே. அட்டையைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள்.

அதே படம். வாப்பா மௌத்தாகி நான் தகப்பனில்லாதவனான வருஷம் மாமா என்னை மிஷன் பாடசாலையில் சேர்க்கக் கூட்டிப்போனார். பாதரின் அறையில் மெழுகிட்ட தரையும் பழைய தாளும் கலந்த வாசம். பாதர் பெரிய புத்தகமொன்றை விரித்து இந்த வளைவுகளைக் காட்டினார்.

"பள்ளிவாசல் மாதிரி இரிக்கே மாமா!" என்றேன்.

"பள்ளிவாசலாத்தான் இருந்தது தம்பி. இப்ப சர்ச்" என்றார் பாதர்.

மாமா புத்தகத்தைப் பட்டென்று மூடினார். வெளியே வந்ததும், "பாத்தியா மகன்? கட்டிடத்தையே மாத்தினவங்க உன்ன விடுவாங்களா? மார்க்கத்த மாத்திருவாங்க, ஈமான் போயிரும். என்ட புடவைக்கடைக்கு வா" என்றார்.

நம்பினேன். அடுத்த தவணையில், கஞ்சி வாசம் பிடித்த துணிகளை நான் மடித்துக்கொண்டிருக்க, என்னைவிட ஒரு வயது இளைய அவர் மகன் வெள்ளைக் காற்சட்டையோடு அதே பாடசாலைக்குப் போனான்.

மேடையில் அவன் என் தோளைத் தட்டினான். "உங்களுக்கு இதெல்லாம் வெளங்காது மச்சான். படத்தையாவது பாருங்க."

"உனக்கு முந்தியே பாத்துட்டேன்."

"எப்ப?"

"உன்ட வாப்பா புத்தகத்த மூடுறதுக்கு முந்தி."

படித்தவனுக்கு அது விளங்கவில்லை.