கிணற்றுக்கு நேரே ஒரு வெறும் கட்டம்

கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கணினியில் சரிபார்ப்பது என் வேலை. தண்ணீரை அளப்பவர்கள், எண்களைத் தட்டச்சு செய்பவர்கள் எல்லாரும் வேறு ஆட்கள். அவர்களுடைய பிழைகளைப் பிடிக்க, ஆர் என்ற கணினி மொழியில் சின்னச் சின்ன உதவி ஃபங்ஷன்கள் எழுதி வைத்திருந்தேன். ஒன்று தேவையில்லாத இடைவெளிகளை நீக்கும். இன்னொன்று ஒரே கிணறு இரண்டு தரம் வந்தால் காட்டிக்கொடுக்கும். மூன்றாவதில்தான் எனக்குத் திமிர் அதிகம். உரத்திலிருந்து தண்ணீரில் ஊறும் நைத்திரேற்று உப்பின் அளவு ஓர் எல்லையைத் தாண்டினால், தசமப் புள்ளி விடுபட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அந்த எண்ணை அழித்துக் கட்டத்தை வெறுமையாக்கிவிடும். யாரையும் கேட்காது. எல்லையும் நானாக வைத்ததுதான்.

புத்தூரில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் போத்தலில் பிடித்துக் கொடுத்திருந்தேன். சுற்றிவர வெங்காயத் தோட்டம், போடுகிற உரத்தில் பாதி கிணற்றுக்குத்தான். ஆனாலும் நான் சரிபார்த்த அட்டவணையை வைத்து எழுதிய அறிக்கையில் எங்கள் பக்கத்துக்குக் குறையொன்றும் வரவில்லை. அந்த வீட்டில் இருந்த தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து, பால் போதாமல் பால்மா கரைக்கத் தொடங்கிய நேரம் அது. நல்ல தண்ணீர், பயப்படாதே என்று சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து, வேறொரு வேலைக்காக மூல அட்டவணையைத் திறந்தேன். எங்கள் கிணற்றுக்கு நேரே பெரிய எண். நான் சுத்தம் செய்த அட்டவணையில் வெறும் கட்டம். அளந்தவரின் தாளை எடுத்துப் பார்த்தேன். புள்ளி இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. வேலியே பயிரை மேய்ந்திருந்தது. நெஞ்சு பதறவில்லை. எல்லாம் மரத்துப்போய், மேசையில் இருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"பிள்ளையின்ரை உதடு, நகம் நீலம் பாரிக்குதோ?"

"இல்லை. ஏன் அண்ணை?"

"கிணத்துத் தண்ணியிலை இனிப் பால் கரைக்காதை. உரம் ஊறின தண்ணி, கைப்பிள்ளைக்குக் கூடாது."

"கொதிக்க வைச்சுத்தானே கரைக்கிறன்."

"கொதிக்க வைச்சாலும் போகாது. வெளிக்கிட்டு நில், வாறன். டொக்டரிட்டைக் காட்டுவம்."

"நீங்கள்தானே நல்ல தண்ணி எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

போனை வைத்துவிட்டு அட்டவணையைக் கீழே வரை பார்த்தேன். அதே ஃபங்ஷன் வெறுமையாக்கிய கட்டங்கள் இன்னும் பதினொன்று இருந்தன. பக்கத்தில் கிணற்று இலக்கம் மட்டும். அந்த வீடுகளில் யார் யாருக்குப் பால் கரைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.